இடைப்போலி

இதில் நடந்த கூத்துக்கெல்லாம் காரணம் ஒரு இலக்கணச் சொல். அதனால் நான் தமிழாசிரியர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கிற பட்டப்பெயர் மைக் செட். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொருத்தமான பெயர்தான், கோபப்பட ஒன்றுமில்லை. பேச வேண்டிய இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று யாராவது சொன்னால் ஊரில் நம்ப மாட்டார்கள். ஆனால் இருந்தேன். ஒரு ஆடி மாதம் முழுக்க இருந்தேன்.

என் தங்கைக்கு ஒரே பெண் குழந்தை. நாங்கள் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பிறந்த சில மாதங்களில் கண் மஞ்சளானது. காமாலை, தானாகச் சரியாகிவிடும் என்று ஆளுக்கொரு மருந்து சொன்னோம். சரியாகவில்லை. நடக்கத் தொடங்கியபோது சொறியவும் தொடங்கினாள். சொறி சிரங்கு ஒன்றும் கிடையாது, தோலைப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால், காது மடல், முதுகு என்று எங்கே கை எட்டுமோ அங்கெல்லாம் ரத்தம் வரச் சொறிவாள். தங்கை பழைய காலுறையை வெட்டிக் கையுறை தைத்துப் போட்டுவிடுவாள். பாப்பா அதைப் பல்லால் கழற்றிவிட்டு மறுபடி சொறிவாள்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கே இருந்த டாக்டரம்மா எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கல்லீரலில் பித்த உப்பை வெளியே தள்ளுவதற்கென்று ஒரு புரதம் இருக்கிறதாம், தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் இருப்பதுபோல. பாப்பாவுக்கு அந்த மோட்டார் ஓடவில்லை. வெளியே போக வேண்டிய பித்தம் ரத்தத்தில் தேங்கி அரிப்பாக வருகிறது. அப்பாவிடமிருந்து ஒரு பழுது, அம்மாவிடமிருந்து ஒரு பழுது, இரண்டும் சேர்ந்து பிள்ளைக்கு வந்துவிட்டது. மருந்து கேட்கவில்லை. ஈரலும் கெட ஆரம்பித்துவிட்டது. யாராவது தன் கல்லீரலில் ஒரு துண்டு கொடுத்தால் பிள்ளை பிழைக்கும்.

தங்கைக்கு ரத்த வகை சேரவில்லை. மாப்பிள்ளைக்கு, அதாவது தங்கை கணவருக்கு, ரத்தம் சேர்ந்தது, ஆனால் ஈரலில் கொழுப்பு. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிவரும் சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிறவர் அவர். பரோட்டாக் கடை வாசல்களில் வளர்ந்த உடம்பு. எடையைக் குறையுங்கள், பிறகு பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அப்போதுதான் மைக் செட் பேசியது. தங்கை வீட்டில் நாலு சொந்தக்காரர் இருக்கும்போது, "எதுக்கு யோசிக்கிறீங்க? தாய்மாமன் நான் இருக்கேன்ல" என்றேன். எங்கள் பக்கம் பிள்ளைக்கு மொட்டை போடுவதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில்தான். மடி கொடுக்கிறவன் ஈரலும் கொடுப்பான் என்று ஒரு வசனம் வேறு விட்டேன். வந்திருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் மனைவி மட்டும் என்னைப் பார்க்காமல் காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள்.

பேசும்போது பயம் இல்லை. பேசி முடித்த மறுநாள்தான் வந்தது. வயிற்றைக் கிழித்துத் துண்டு எடுப்பார்கள் என்பது அதுவரை எனக்கு வெறும் வாக்கியமாக இருந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் போகும்போது, இதிலாவது தோற்றுவிட மாட்டோமா என்று வேண்டிக்கொண்டு போனேன். ரத்தம் சேர்ந்தது. ஸ்கேன் சரியாக இருந்தது. சர்க்கரை இல்லை. என் ஆயுளில் எந்தப் பரீட்சையிலும் இப்படித் தேறியவன் இல்லை நான்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சோதனை. தங்கையிடம் இருக்கிற பழுது உடன்பிறந்த எனக்கும் இருக்கலாம் என்பதால் அந்தப் புரதத்தின் மரபணுவைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதன் முடிவைக் கேட்க நான் தனியாகத்தான் மதுரைக்குப் போனேன்.

"உங்க தங்கச்சிக்கு இருக்கற பழுது உங்களுக்கு இல்ல சார்" என்றார் டாக்டரம்மா. "அதே புரதத்துல, நடுவுல ஒரு இடத்துல மட்டும் ஒரு சின்ன மாற்றம் இருக்கு. வேலின் இருக்க வேண்டிய இடத்துல அலனின் இருக்கு. ரெண்டும் அமினோ அமிலம்தான். இது நிறைய பேருக்கு இருக்கறதுதான். கெடுதல் கிடையாது. புரதம் அது பாட்டுக்கு வேலை செய்யும்."

பழனிக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு வேலின் என்றால் முருகன் கையில் இருப்பதுதான் ஞாபகம் வரும். அதையும் சொன்னேன். அவர் சிரித்தார். சிரித்துவிட்டாரே என்று எனக்கு இன்னும் பேச்சு வந்தது. தமிழிலும் இது உண்டு டாக்டர் என்றேன். ஒரு சொல்லில் ஓரெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வேறெழுத்து வந்து, பொருள் மட்டும் மாறாமல் இருந்தால் அதற்குப் போலி என்று பெயர். நிலம் என்றாலும் நிலன் என்றாலும் அதே மண்தான். முதலில் மாறினால் முதற்போலி, கடைசியில் மாறினால் கடைப்போலி. எனக்கு நடுவில் மாறியிருக்கிறது, ஆகவே இடைப்போலி. அமச்சு, அமைச்சு மாதிரி.

"அழகா இருக்கே, இனிமே நானும் இப்படியே சொல்லலாம் போல" என்றார் அவர். பிறகு, "அப்ப நீங்க குடுக்கலாம். உங்க வீட்ல பேசிட்டு வாங்க, தேதி பாப்போம்" என்றார்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து திண்டுக்கல் வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இனி தோற்கச் சோதனை ஒன்றும் மிச்சமில்லை. அந்த நேரம் பார்த்துத் தங்கை போன் செய்தாள்.

"என்னண்ணே சொன்னாங்க?"

"ஒரே ஒரு எழுத்து மாறியிருக்காம். போலிதான்" என்றேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருப்பார்கள் போல. மாப்பிள்ளையின் குரல் குறுக்கே வந்தது. "என்ன மச்சான், போலியா?"

வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். கண்டக்டர் விசில், ஹாரன், பக்கத்து வண்டியில் திண்டுக்கல் திண்டுக்கல் என்று ஒரு கத்தல். "ஆமா மாப்ள, போலி" என்றேன். இணைப்பு அறுந்துபோனது.

இந்த இடத்தை நான் பலமுறை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துவிட்டேன். போலி என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினால் வகுப்பு சிரிக்கும். போலி டாக்டர், போலி சாமியார், போலி நகை என்று பின்வரிசையில் கிசுகிசுப்பு ஓடும். வருஷா வருஷம் இது நடக்கும், வருஷா வருஷம் நானும் அதட்டுவேன். அந்தச் சொல்லைத் தெருவில் சொன்னால் என்ன பொருள் கொள்வார்கள் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது. முதல் தடவை வாய்ப்பழக்கத்தில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை கேட்ட பிறகு, ஆமா என்று இரண்டாவது தடவை சொன்னேனே, அது எதில் சேர்த்தி? தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதுகூட எனக்கு வசதியாக இருப்பதால் சொல்கிறேனோ என்னவோ.

கொடைரோடு தாண்டும்போது திரும்பக் கூப்பிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். வீட்டுக்குப் போய் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றும் முன்பே மாப்பிள்ளை எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க மச்சான். உங்க ஈரலே போலியா இருந்தா நீங்க என்ன செய்வீங்க. குடுக்குறேன்னு சொன்னீங்கள்ல, அந்த மனசு போதும். நான் எளைச்சுக் காட்டுறேன்."

வாயைத் திறந்தேன். என் மனைவி அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். அவள் முகத்தில் பல வாரங்களாக இல்லாத ஒரு தெளிவு. சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "தோச ஊத்தட்டுமா?" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். உள்ளுக்குள் ஏதோ ஒன்று காலை நீட்டிப் படுத்தது. அந்தச் சுகத்தை இன்றுவரை நான் மறக்கவில்லை, மறக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

தங்கை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சாப்ட்டுத் தூங்குண்ணே, அலைச்சலு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளை வந்தது, நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பொய் சொன்னால்கூட ஒரு தடவை சொன்னதோடு போய்விடும். சும்மா இருப்பதை ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

மாப்பிள்ளை நடக்க ஆரம்பித்தார். விடிந்ததும் மலைக்கோட்டையைச் சுற்றி நடை. பரோட்டா போயிற்று, சோறு போயிற்று. எங்கள் ஊரில் பிறந்த ஒரு மனிதன் பிரியாணிக் கடை வாசலைத் திரும்பிப் பார்க்காமல் போகிறான் என்றால் அவன் சாமியாராக வேண்டும், இல்லையென்றால் பிள்ளையைப் பெற்றவனாக இருக்க வேண்டும். கொள்ளும் சுரைக்காயுமாகத் தின்று அவர் கன்னம் ஒட்டியது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டு அதை என்னிடம் வந்து காட்டினார்.

அதோடு விட்டாரா. சரக்கு ஏற்றப் போகிற இடத்தில் வரப்பில் வண்டியை நிறுத்தி, கீழாநெல்லி பறித்துக்கொண்டு வந்து என் மனைவியிடம் கொடுத்தார். "மச்சானுக்கு அரைச்சுக் குடுங்கக்கா. போலியோ அசலோ, இருக்கறதைக் காப்பாத்தணும்ல." சேவுகம்பட்டிப் பக்கம் தளதளவென்று கிடந்ததாம். அவர் கண் எதிரேயே அதை மோரில் கலந்து குடித்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது. எனக்குத் தினமும் காலையில் ஒரு தம்ளர் தேள்.

பள்ளியிலும் செய்தி பரவிவிட்டது. கணக்கு வாத்தியார் ஓய்வறையில் எனக்கு மின்விசிறிக்குக் கீழே இடம் விட்டுக் கொடுத்தார். ஈரல் சரியில்லாதவன் என்று பிள்ளைகள்கூட அந்த மாதம் என்னிடம் சத்தம் போடவில்லை. அடாத செயலுக்கு இத்தனை மரியாதை கிடைக்கும் என்று தெரியாமல் போயிற்று.

பாப்பா மட்டும் எப்போதும்போல வந்தாள். சாயங்காலம் தங்கை அவளைக் கூட்டிக்கொண்டு வருவாள். வந்ததும் என்னிடம் ஓடிவந்து முதுகைக் காட்டி நிற்பாள். "மாமா, சொறி." நகம் படாமல் உள்ளங்கையால் தேய்த்துவிடுவேன். "இன்னும் சொறி, இன்னும் சொறி" என்பாள். நிறுத்தினால் அழுவாள். முன்பும் தேய்த்துவிட்டதுண்டு, அப்போது அது மாமன் வேலை. ஆடியில் அது வேறாகிவிட்டது. அந்த அரிப்பை நிறுத்துகிற பொருள் என் வலது விலாவுக்குக் கீழே முழுசாக, நன்றாக, கெடுதல் இல்லாமல் இருக்கிறது. அதை உள்ளே வைத்துக்கொண்டு மேலே கையால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடிக் கடைசி வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம். தங்கை என் மனைவிக்கு முருங்கைக்கீரை உருவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பாப்பா வந்து முதுகைக் காட்டினாள். "செத்த நேரம் இரு பாப்பா, மாமா முடிச்சுட்டு வாரேன்" என்றேன். அவள் இருக்கவில்லை. வாசல் நிலைப்பக்கம் போய், நிலைக்குப் பக்கத்தில் பூசாமல் விட்டிருந்த சுவரில் முதுகை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். அழவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தனக்கு வேண்டியதைத் தானே பார்த்துக்கொள்கிற ஒரு பெரிய மனுஷி போல, மேலும் கீழும் தேய்த்தாள். திரும்பியபோது மஞ்சள் கவுனின் பின்புறம் சிவப்பாகக் கோடு ஓடியிருந்தது.

பேனாவை வைத்துவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போனேன். தரையில் உட்கார்ந்தேன்.

"பாப்பாவுக்கு நான் குடுக்கலாம். டாக்டரம்மா அன்னைக்கே சொல்லிருச்சு. எனக்கு ஒரு கோளாறும் இல்ல" என்றேன். "போலின்னா டூப்ளிகேட்டு இல்ல. அது இலக்கணத்துல..."

"தெரியும்ணே" என்றாள் தங்கை. கீரை உருவுவதை அவள் நிறுத்தவில்லை.

"என்ன தெரியும்?"

"நிலம், நிலன். எழுத்து மாறும், பொருள் மாறாது. ஒம்பதாங்கிளாஸ்ல எனக்கு நீதான சொல்லிக் குடுத்த? அதுல நான் முழு மார்க்கு."

தங்கைக்குப் பள்ளிப் பாடம் முழுக்க நான் சொல்லிக் கொடுத்ததுதான். ஊரில் இருக்கிற அத்தனை பேரும் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு சொல்லை, சரியாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆளிடம் சொல்லியிருக்கிறேன்.

"போன்ல சொன்னப்பவே தெரியுமா?"

"ம்."

"அப்பறம் ஏன் நீ கேக்கல?"

உருவிய காம்புகளை ஒதுக்கி வைத்தாள். "கடையில கேட்டு வாங்குற சாமானாண்ணே அது? ஒனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்கு. நீ குடுக்கலேன்னாலும் ஒம்மேல கோவப்பட எனக்கு வழியில்ல. அவரு எளைக்கணும், இல்ல நீயா வரணும். ரெண்டுல எது முதல்ல நடக்குதோ நடக்கட்டும்னு இருந்தேன்." அடுத்த கொத்தைக் கையில் எடுத்தாள். "ஆனா ஒவ்வொரு நாளும் வாசலப் பாத்தேண்ணே."

என் மனைவி கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அடுப்பை அணைத்தாள், என் பக்கம் திரும்பாமல், "இனிமே அந்தக் கீழாநெல்லிய அரைக்க வேணாம்ல?" என்றாள். அன்று மாலையே ஆஸ்பத்திரிக்கு வேண்டிய துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்ததும் அவள்தான். வாய் திறந்து சரி என்று அவள் சொல்லவே இல்லை.

உடனே நடந்துவிடவில்லை. நெருங்கிய உறவு என்று சட்டம் வைத்திருக்கிற வரிசையில் தாய்மாமன் இல்லையாம். மடி கொடுப்பதில் முதல் ஆள், ஈரல் கொடுப்பதில் வெளியாள். அதனால் அனுமதி கொடுக்கிற ஒரு குழுவின் முன்னால் நான் தனியாக உட்கார வேண்டியிருந்தது. நடுவில் இருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அக்கறையோடு கேட்டார். "உங்களை யாராவது வற்புறுத்தினாங்களா? பயப்படாம சொல்லுங்க."

"இல்லைங்கம்மா. யாரும் கேக்கக்கூட இல்ல" என்றேன்.

அவருக்குத் திருப்தி. பக்கத்தில் இருந்தவரிடம் தலையாட்டினார். நல்ல மனிதர் என்று என்னைப் பற்றி அவர் நினைத்திருக்க வேண்டும். திருத்திச் சொல்ல அங்கே இடமில்லை.

கொடுத்தேன். வலித்தது. மற்றபடி அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெட்டிய ஈரல் தானாக வளர்ந்துவிடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள், அப்படியே வளர்ந்துவிட்டது. நான் அவ்வளவு பயந்த பொருள் எனக்குத் திரும்பிக் கிடைத்துவிட்டது. பாப்பாவின் கண் வெளுத்தது. ஒருநாள் தங்கை போன் செய்து, பிள்ளை கையை விரித்துப் போட்டுத் தூங்குகிறாள், இம்புட்டு நேரமாகச் சொறியவே இல்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு இன்றுவரை உண்மை தெரியாது. டாக்டரம்மா மறுபடி சோதித்ததில் மச்சானுக்குச் சரியாகிவிட்டது, எல்லாம் கீழாநெல்லி செய்த வேலை என்று ஒட்டன்சத்திரம் சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். தங்கை அவரைத் திருத்தவில்லை. என்னையும் திருத்த விடவில்லை.

டாக்டரம்மா சம்மதம் கொடுத்த பிறகு, இந்தத் தை மாதம் எரியோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் பாப்பாவுக்குக் காது குத்தினோம். மாப்பிள்ளை ஃப்ளெக்ஸ் அடித்து வைத்திருந்தார். அதில் என் படத்துக்குக் கீழே, உயிர் தந்த தாய்மாமன் என்று ஆளுயர எழுத்து. எழுத்துப்பிழை தேடினேன், ஒன்றும் இல்லை.

பாப்பா பட்டுப் பாவாடையோடு என் மடியில் உட்கார்ந்தாள். பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறியதில் கால் தெரிந்தது. கெண்டைக்காலில் வெளுப்பாகச் சின்னச் சின்னத் தழும்புகள், சொறிந்து சொறிந்து ஆறியவை. அவற்றில் எது நோயால் வந்தது, எது அந்த ஆடியில் என்னால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. பாவாடையை இழுத்துவிட்டேன்.

ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை பயந்து என்மேல் சாய்ந்தாள். பழக்கத்தில் என் கை அவள் முதுகுக்குப் போய்விட்டது. நகம் படாமல் மெல்லத் தேய்த்தேன். அவள் நெளிந்து சிரித்தாள்.

"கூசுது மாமா."

"மாமாவுக்கும்தான்" என்றேன்.